இது என்ன படம்?

கிருஷ்ணா ரெட்டி 1963-இல் செய்த ‘நீர்ச்சுழி’ என்ற அச்சோவியத்தை ஒரு புத்தகத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த நண்பர், “இது என்ன ஸார் படம்? என் பேரன் இதைவிட நன்றாகக் கிறுக்குவானே!” என்றார். நண்பர் படித்தவர், நல்ல நாவல்களைத் தேடி வாசிக்கிறவர். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

பேரன் கிறுக்கட்டும். ஆனால் ரெட்டி என்ன செய்தார் என்று தெரிந்துகொண்டாவது பேசலாமல்லவா? ஒரு உலோகத் தகட்டைச் சிற்பி கல்லைக் குடைவதுபோல் குடைந்து, அமிலத்தால் அரித்து, மேடும் பள்ளமுமாகப் பல மட்டங்களை உண்டாக்குகிறார். எண்ணெய் அதிகமுள்ள மையைக் கெட்டி உருளையால் மேட்டில் மட்டும் தடவுகிறார். எண்ணெய் குறைந்த மை மிருதுவான உருளையோடு பள்ளத்தில் இறங்குகிறது; முதல் மை படிந்த இடத்தில் ஒட்டாமல் விலகிக்கொள்கிறது. ஒரே தகடு, ஒரே அழுத்து, பல வர்ணங்கள்! பாரிஸில் ஹேட்டர் நடத்திய ‘அத்தெலியே 17’ என்ற பட்டறையில் சகாக்களோடு சேர்ந்து அவர் உருவாக்கிய முறை இது.

ஆடிப் பெருக்கன்று காவிரிக் கரையில் நின்று பாருங்கள். புகைப்படத்தில் அகப்படுவது நின்றுபோன தண்ணீர். ரெட்டிக்கு வேண்டியிருந்தது தண்ணீரைச் சுழற்றுகிற விசை. அதற்கு ஆறும் கரையும் படகும் எதற்கு?

நண்பர் வீட்டு வாசலில் தினமும் சிக்குக் கோலம் போடுகிறார்கள். அதில் எந்தப் பறவை, எந்தப் பூ இருக்கிறது? “இது என்ன படம்?” என்று அவர் தம் மனைவியை ஒருநாளாவது கேட்டதுண்டா?

புரியாமையையே சரக்காக விற்கும் போலிகள் இந்தத் துறையில் உண்டு, மறுக்கவில்லை. கதை எழுதும் எங்கள் துறையில் மட்டும் இல்லையா? போலிக்குப் பயந்து அசலையும் சேர்த்துத் தள்ளுவது விவேகமல்ல, சோம்பல்.

1925-இல் சித்தூர்ப் பக்கத்து நந்தனூரில் பிறந்து, சாந்திநிகேதனில் பயின்று, நம் சென்னைக் கலாக்ஷேத்திரத்திலேயே நாற்பதுகளின் கடைசியில் சித்திரம் கற்பித்தவர் அவர். 1972-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2018-இல் நியூயார்க்கில் காலமானார். நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயராவது தெரியும்?

அவருக்கு இனி நம் பாராட்டு தேவையில்லை. என் கவலையெல்லாம் அந்தப் பேரனைப் பற்றித்தான். நாளை அவன் மழையையோ காற்றையோ உண்மையாகவே கண்டு, தனக்குத் தோன்றியபடி ஒரு காகிதத்தில் வரைந்துகொண்டு ஓடிவருவான். அப்போதும் தாத்தா கேட்கப்போவது இதே கேள்விதான். அதற்குப் பிறகு அவன் மலையும் இரண்டு தென்னைமரமும் ஒரு சூரியனும் மட்டுமே போடுவான். தாத்தா அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுவார்.