துணிவு மட்டும் போதாது

லண்டன் தீயணைப்புப் படையில் 1988இல் சேர்ந்த டேனி காட்டன், 2017 ஜனவரியில் அதன் முதல் பெண் ஆணையரானார். அதே ஆண்டு ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடத்தில் மூண்ட தீ 72 உயிர்களைப் பறித்தது. தீ வேகமாகப் பரவ, எளிதில் பற்றும் வெளிச்சுவர்த் தகடுகளே முதன்மைக் காரணம். ஆனால், ‘வீட்டுக்குள்ளேயே இருங்கள்’ என்ற அறிவுரையை உரிய நேரத்தில் கைவிடாத படையையும் 2019 விசாரணை அறிக்கை கண்டித்தது. அன்றிரவு எடுத்த நடவடிக்கைகளில் எதையும் மாற்றியிருக்க மாட்டேன் என்று காட்டன் சாட்சியமளித்தது, உறவுகளை இழந்தவர்களைப் புண்படுத்தியது. அந்த ஆண்டு இறுதியில் அவர் பதவி விலகினார்.

முப்பதாண்டுப் பணியை ஓர் இரவைக் கொண்டு மட்டும் அளப்பது நியாயமல்ல. எனினும், பேரிடருக்குப் பின் படிப்பினை தேடுவது தலைமையின் முதல் கடமை. அதில் காட்டன் தவறினார்.