டிவிக்கு மூளை வெளியே இருக்கட்டும்

2019 டிசம்பரில் சாம்சங்கின் 2010, 2011-ஆம் ஆண்டு ஸ்மார்ட் டிவிகள் சிலவற்றில் நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது. திரையில் கீறல் இல்லை, ஸ்பீக்கரில் கரகரப்பு இல்லை. தொழில்நுட்பக் காரணங்களால் இந்த மாடல்களில் இனி வராது என்று நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது, அவ்வளவுதான். அதற்கு முன்பே, 2015-இல், யூடியூப் தன் பழைய இணைப்பு முறையை மூடியபோது 2012-லும் அதற்கு முன்பும் வந்த பல டிவிகளும் ப்ளூ-ரே பிளேயர்களும் யூடியூபை இழந்திருந்தன.

திரைக்கு வயதாவதற்குள் அதன் உள்ளே வைத்த கணினிக்கு வயதாகிவிடுகிறது. முதலில் மெனு தள்ளாடும். பிறகு ஆப் ஒன்று ‘அப்டேட் செய்க’ என்று கேட்கும், அப்டேட்டோ வராது. கடைசியில் வீட்டில் யாராவது ‘புது டிவியே வாங்கிடலாம்’ என்பார்கள். நல்ல நிலையில் இருக்கும் பெரிய திரையை, அதற்குள் இருக்கும் உள்ளங்கை அளவு போர்டுக்காகத் தூக்கி எறிவது சரியான வீண்செலவு. டிவி திரையாக மட்டும் இருக்கட்டும். மூளையைத் தனியே ஒரு சின்னப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். சொந்தமாகப் படம், பாட்டு, குடும்ப வீடியோ சேர்த்து வைத்திருக்கும் வீடுகளுக்கு அந்தப் பெட்டி பேர்போன் மினி பிசியாக இருப்பதுதான் சிக்கனம்.

பேர்போன் என்று கடைக்காரர்கள் சொல்வது முக்கால்வாசி முடிந்த கணினியை. பெட்டி, மதர்போர்டு, அடாப்டர் எல்லாம் இருக்கும். இன்றைய மினி பிசி என்றால் பிராசஸரும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். ரேம், எஸ்எஸ்டி, விண்டோஸ் இருக்காது. தைவானின் ஷட்டில் நிறுவனம் 2001-இல் எஸ்வி24 என்ற பெட்டியின் மூலம் இந்த வகையைப் பிரபலமாக்கியது. 2012-இல் இன்டெல் அறிமுகப்படுத்திய என்யூசி, போர்டைச் சுமார் பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடக்கியது. 2023 ஜூலையில் இன்டெல் அந்தத் தொழிலிலிருந்து விலகிக்கொள்ள, ஏசுஸ் அதை எடுத்து நடத்துகிறது. இன்று இன்டெல் என்100 சில்லு போட்ட சின்னப் பெட்டிகள் பல பெயர்களில் சந்தையில் குவிந்து கிடக்கின்றன.

‘ரேம் இல்லை, டிஸ்க் இல்லை’ என்பது குறையாகத் தெரியலாம். பட்ஜெட் பார்ப்பவருக்கு அதுதான் வசதி. திரை உடைந்து பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பைத் திறந்தால் ஒரு ரேம் கிடைக்கும், சிலவற்றில் எஸ்எஸ்டியும் கிடைக்கும். 2025-இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை உலகெங்கும் எகிறியது. அப்படிப்பட்ட நேரத்தில், கையில் இருக்கும் 8 ஜிபி ரேமைப் போட்டு ஓட்ட முடிகிற பெட்டியின் அருமை தனி.

ஆனால் சென்னை ரிச்சி தெருவுக்கோ வேறு கடைவீதிக்கோ கிளம்புமுன் பெட்டியின் விவரத் தாளை ஒரு வரி விடாமல் படித்துவிட வேண்டும். இவ்வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் லேப்டாப் ரேம்தான் உட்காரும். டெஸ்க்டாப் ரேம் நீளம். என்100 சில்லு டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும், ஆனால் குறிப்பிட்ட பெட்டி அவற்றில் ஒன்றைத்தான் ஏற்கும். பழைய என்யூசி சிலவற்றுக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் ரேம் வேண்டும், சாதாரண 1.5 வோல்ட் டிடிஆர்3 போட்டால் திரையில் ஒன்றும் வராது. எம்.2 எஸ்எஸ்டியிலும் இதே வம்பு: சாட்டா, என்விஎம்இ இரண்டும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும், சில பெட்டிகள் ஒன்றை மட்டுமே படிக்கும். என்100-க்கு மெமரிப் பாதை ஒன்றே ஒன்று என்பதால் ‘ரெண்டு ரேமாப் போட்டா ஸ்பீடு’ என்ற கடைப் பேச்சு இங்கே செல்லாது.

பிராசஸரின் வேகத்தைப் பற்றி விற்பனையாளர்கள் நிறையப் பேசுவார்கள். படம் பார்க்கும் பெட்டிக்கு அது இரண்டாம்பட்சம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: சுருக்கி வைத்த வீடியோவை விரிக்கும் தனிச் சுற்று சில்லுக்குள் இருக்கிறதா, எந்தெந்த வடிவங்களுக்கு இருக்கிறது? 2003-இல் வந்த எச்.264, 2013-இன் எச்இவிசி, 2018-இன் ஏவி1 என்று ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிட இறுக்கமாகச் சுருக்குகிறது. விரிக்கும் வேலையும் அதற்கேற்பக் கனக்கிறது. அதற்கான சுற்று இல்லாத பிராசஸர், 4கே படம் ஒன்றுக்கே மூச்சு வாங்கும். விசிறி அலறும், படம் விட்டுவிட்டு ஓடும். 2023-இல் வந்த என்100, 6 வாட் அளவுக்கே வடிவமைக்கப்பட்ட எளிய சில்லு; ஆனாலும் எச்இவிசி, விபி9, ஏவி1 மூன்றையும் தனிச் சுற்றிலேயே விரித்துவிடும். 2023-இல் வந்த ராஸ்பெரி பை 5-இல் எச்இவிசிக்குச் சுற்று உண்டு, எச்.264-க்குக் கிடையாது, அதைப் பிராசஸரே இழுக்க வேண்டும்.

இதைவிடக் குறைந்த செலவில் முடிக்க ஒரு வழி இருக்கிறது: அலுவலகங்கள் கழித்துவிட்ட லெனோவா டைனி, டெல் மைக்ரோ, எச்பி மினி வகைப் பெட்டிகள். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இன் தகுதிப் பட்டியலோ, சொற்ப விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகளுக்கு அலுவலகத்தில் இனி வேலை இல்லை. லினக்ஸ் போட்டுப் படம் பார்க்க நினைப்பவருக்கு அந்தத் தடை ஒரு பொருட்டே இல்லை. இரண்டில் ஏழாம் தலைமுறையைத்தான் எடுக்க வேண்டும். 10-பிட் எச்இவிசியை முழுதாக விரிக்கும் சுற்று அதில்தான் வந்தது. டிவி 4கே என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தக் காலப் பெட்டிகளின் எச்டிஎம்ஐ துளை பெரும்பாலும் 4கே-யை நொடிக்கு 30 முறைக்கு மேல் அனுப்பாது. டிஸ்பிளேபோர்ட் துளையிலிருந்து எச்டிஎம்ஐ 2.0-க்கு மாற்றும் ‘ஆக்டிவ்’ அடாப்டர் ஒன்று தனியாக வாங்க வேண்டும்.

மென்பொருளுக்குக் காசு கிடையாது. மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் பார்ப்பதற்காக ஆர்வலர்கள் சிலர் 2002-இல் எழுதத் தொடங்கியது, 2014-இல் கோடி என்று பெயர் மாறி இன்றுவரை இலவசமாகக் கிடைக்கிறது. மைக்ரோசாஃப்ட் தானே விற்ற விண்டோஸ் மீடியா சென்டர், விண்டோஸ் 10 வந்தபோது கைவிடப்பட்டது. ஆர்வலர்களின் படைப்பு தாக்குப்பிடித்துவிட்டது. லிப்ரேஎலெக் என்ற சின்ன லினக்ஸை பென் டிரைவிலிருந்து நிறுவினால், பெட்டி நேராகக் கோடியின் திரையில் போய்த் திறக்கும். வேறு டெஸ்க்டாப் எதுவும் குறுக்கே வராது.

இத்தனை பாடு எதற்கு, டிவியின் யூஎஸ்பி துளையில் டிஸ்கைச் செருகினால் போதாதா என்று கேட்கலாம். சில கோப்புகளுக்குப் போதும். 2018 மாடல்களிலிருந்து சாம்சங் டிவிகளில் டிடிஎஸ் ஒலிக்கு ஆதரவு இல்லை. அந்த ஒலித்தடம் உள்ள படத்தைப் போட்டால் காட்சி ஓடும், சத்தம் வராது. குடும்ப வீடியோக்களில் நிலைமை இன்னும் மோசம்.

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எடுத்த வீடியோக்கள் முதலில் விஎச்எஸ் கேசட்டில் இருந்தன. பிறகு ஸ்டூடியோக்காரர் டிவிடி ஆக்கிக் கொடுத்தார். இன்றைய லேப்டாப்களில் டிவிடி போடும் இடமே இல்லை. அந்த வட்டுகள் ரைட்டரில் பதிந்தவை. தகவல் இருப்பது ஒரு சாய அடுக்கில். வெயிலும் புழுக்கமும் அந்தச் சாயத்தை அரித்துக்கொண்டே இருக்கும். யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் பெட்டிக்குள் இறக்கிவிடுவது இந்த ஆண்டே செய்ய வேண்டிய வேலை. ஒரு வட்டு 4.7 ஜிபி, 1 டிபி டிஸ்கில் இருநூறுக்கு மேல் அடங்கும். ஓடாமல் சிக்கும் வட்டுகளுக்கு டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இருக்கிறது. அது படிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பத் திரும்ப வரும்.

‘சின்னதாக்கித் தர்றோம்’ என்று எம்பி4 ஆக மாற்றிக் கொடுப்பவர்களிடம் இந்த வட்டுகளைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. அந்த வீடியோக்கள் நம் நாட்டு பால் முறையில், 720-க்கு 576 புள்ளிகளில், நொடிக்கு 50 அரைப்படங்களாகப் பதிவானவை. அரைப்படங்களைச் சரியாகக் கோக்காமல் மாற்றிவிட்டால், தாலி கட்டும் கை அசையும்போதெல்லாம் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். ஒருமுறை அப்படிப் பதிந்துவிட்டால் அதை எடுப்பது பெரும்பாடு. வட்டில் இருப்பதை அப்படியே நகலெடுத்து வைத்தால், ஓட்டும் நேரத்தில் கோடி அரைப்படங்களை அழகாகக் கோத்துக் காட்டும். வட்டின் மெனுவையும்கூடத் திறக்கும். கோப்புகளுக்கு ஆண்டும் பெயரும் போட்டு, திரைப்படப் பட்டியலுக்கு வெளியே தனி அடைவில் வைக்க வேண்டும். கோடி பெயரை வைத்து இணையத்தில் சினிமா விவரம் தேடும் குணமுடையது. விட்டால் சித்தி மகள் சடங்கு வீடியோவுக்கு ஏதாவது ஹாலிவுட் பட போஸ்டரை ஒட்டிவிடும். முக்கியமான இன்னொன்று: இரண்டாவது டிஸ்கில் ஒரு பிரதி. பெட்டிக்குள் ஒரே ஒரு பிரதியை வைத்துவிட்டு வட்டுகளைத் தூக்கிப் போடுவது ஆபத்து.

டிவியில் இணைத்ததும் படத்தின் ஓரம் வெட்டுப்படுவது பலருக்கு நேரும். பழைய பிக்சர் டியூப் காலத்து ஓவர்ஸ்கேன் பழக்கம் அது. டிவியின் பட அளவு மெனுவில் அணைத்துவிடலாம். கருப்பு சாம்பலாக வெளிறினால், பெட்டியும் டிவியும் நிற வரம்பில் ஒத்துப்போகவில்லை என்று பொருள். இரண்டையும் ‘லிமிடெட்’ அல்லது இரண்டையும் ‘ஃபுல்’ என்று வைத்தால் தீரும். கோடியில் ‘அட்ஜஸ்ட் டிஸ்பிளே ரிஃப்ரெஷ் ரேட்’ என்றொரு தேர்வு உண்டு, அதை அவசியம் இயக்க வேண்டும். சினிமா நொடிக்கு 24 படம். அதை 60 முறை புதுப்பிக்கும் திரையில் காட்டினால் ஒரு படம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறி நிற்க, கேமரா மெல்ல நகரும் காட்சிகள் உதறும். இந்தத் தேர்வு, சினிமாவுக்கு 24, கல்யாண வீடியோவுக்கு 50 என்று டிவியையே மாற்றிக்கொள்ள வைக்கும்.

ரிமோட் விஷயத்தில் பிசி சற்றுப் பின்தங்கியதுதான். டிவி ரிமோட்டின் கட்டளையை எச்டிஎம்ஐ வழியாகவே கேட்டு நடக்கும் சிஇசி வசதி ராஸ்பெரி பையில் உண்டு, பெரும்பாலான பிசிகளில் கிடையாது. யூஎஸ்பி ரிமோட் ஒன்று வாங்கலாம். காசு செலவழிக்க மனமில்லையென்றால் கோடிக்காரர்களே தரும் கோரே என்ற ஆப் ஆண்ட்ராய்டு போனில் ஓடும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நிஜமான பொத்தான்கள் உள்ள ரிமோட்டையே வாங்கிவிடுவது நல்லது.

மின்கட்டணத்தைக் கணக்கிடாமல் பழைய டவர் பிசியை இந்த வேலைக்கு வைப்பவர்கள் உண்டு. 80 வாட் இழுக்கும் டவர் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 115 யூனிட். தமிழகத்தில் 2016-இல் அறிவித்த 100 யூனிட் இலவச மின்சாரத்தை அது ஒன்றே தின்றுவிடும். 10 வாட் பெட்டிக்கு அதே கணக்கில் 14 யூனிட்டுதான். விசிறியே இல்லாத பெட்டி சத்தமின்றி இருக்கும். ஆனால் சித்திரை வெயிலில், மூடிய டிவி அலமாரிக்குள் அதைத் திணிக்கக் கூடாது. பயாஸில் ‘மின்சாரம் திரும்பினால் தானே இயங்கு’ என்ற அமைப்பைப் போட்டுவிட்டால், கரண்ட் போய் வந்த பிறகு பெட்டியைத் தேடிப்போய் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை.

இந்தப் பெட்டி எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்லிவிட முடியாது. ஓடிடி நிறுவனங்கள் உயர்தரப் படத்தைச் சான்று பெற்ற சாதனங்களுக்குத்தான் அனுப்புகின்றன. நெட்ஃபிளிக்ஸை 4கே-யில் பிசியில் பார்க்க விண்டோஸ் வேண்டும், அதிலும் எட்ஜ் உலாவி அல்லது நெட்ஃபிளிக்ஸின் சொந்த ஆப் வேண்டும். லினக்ஸுக்கு 4கே இல்லை. சந்தா கட்டிய ஓடிடியை மட்டும் பார்க்கும் வீடு, சான்று பெற்ற ஸ்டிக் ஒன்றை வாங்கிச் செருகிக்கொள்வதே புத்திசாலித்தனம். சொந்தச் சேகரிப்பும் ஓடிடியும் இரண்டும் வேண்டுமென்றால், ஒரு துளையில் பெட்டி, மறு துளையில் ஸ்டிக். ‘எல்லாப் படமும் இலவசம்’ என்று திருட்டு ஆட்-ஆன் ஏற்றிக் கோடி பெட்டி விற்பவர்களிடம் மட்டும் போக வேண்டாம். கோடி எந்தப் படத்தையும் தருவதில்லை என்று அதை உருவாக்குபவர்களே சொல்லிவருகிறார்கள்.

மூளை வெளியே வந்தபின் டிவியின் வைஃபையை நிரந்தரமாக அணைத்துவிடலாம் என்பது கூடுதல் லாபம். நாம் என்ன பார்க்கிறோம் என்று டிவி யாருக்கும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அமெரிக்காவில் விசியோ நிறுவனம், பார்ப்பவர்களுக்குத் தெரியாமலே 1.1 கோடி டிவிகளிலிருந்து அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்ற விவரத்தைத் திரட்டிய வழக்கில், 2017-இல் 22 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், ஸ்மார்ட் டிவி தயாரிப்பவர் அதற்குக் குறைந்தது எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் தருவார் என்பதை வெளியிட்டே ஆக வேண்டும். சட்டம் அப்படிச் சொல்கிறது. இங்கே டிவியில் மின்சிக்கனத்துக்கு நட்சத்திர முத்திரை ஒட்டுகிறார்கள். எத்தனை ஆண்டு அப்டேட் என்ற எண்ணையும் அதன் பக்கத்திலேயே அச்சிடும்படி அரசு உத்தரவிட வேண்டும். அதுவரை, அடுத்த டிவி வாங்கப் போகிறவர்கள் கடையில் நின்று அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால், ‘ஸ்மார்ட்’ என்ற சொல்லுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.