ஒன்பது பெரிசா, பன்னிரண்டு பெரிசா?

எல்.கே.ஜி. பிள்ளையைக் கேட்டால்கூட இதற்கு டக்கென்று பதில் சொல்லும். எங்கள் ஆபீஸ் டெஸ்பாட்ச் தம்பியும் டக்கென்றுதான் சொன்னான். அந்த இடத்தில்தான் அவன் பாக்கெட்டிலிருந்து 28,800 ரூபாய் நழுவப் பார்த்தது.

தம்பிக்கு வீடு எர்ணாவூரில். அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிடயரானவர். இப்போது வாரம் இரண்டு தடவை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். போகும்போது எப்படியோ போய்விடுகிறார். திரும்பி வருவதுதான் வேதனை. விம்கோ நகர் வரை மெட்ரோ 2021-லேயே வந்துவிட்டது, வாஸ்தவம். ஆனால் நாலு மணி நேரம் மெஷினோடு படுத்துவிட்டு எழுந்திருக்கிறவர், ஸ்டேஷன் படி வரை நடப்பதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். ஆட்டோக்காரரோ எண்ணூர் பக்கம் என்றதும் வழியில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளை மனசுக்குள் எண்ணிப் பார்த்து, "மேல போட்டுக் குடு" என்பார். போக வர 500 ரூபாய்.

ஆகவே கார். புதுசுக்கு வழியில்லை, ஆகவே செகண்ட் ஹேண்ட்.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு டீலரிடம் 2019 மாடல் வேகன்-ஆர் பார்த்துவிட்டு வந்தான். விலை நாலு லட்சம். கையில் ஒரு லட்சம் இருக்கிறது. பாக்கி மூன்று லட்சத்துக்குக் கடன்.

"பேங்க்ல 12 பர்சென்ட் சொல்றாங்க சார். டீலர் 9 பர்சென்ட்டுக்கு அவரே ஃபைனான்ஸ் பண்ணித் தர்றாராம். ஆதார், பேன், ரெண்டு போட்டோ, செக் லீஃப்... அவ்ளோதான். நாளைக்கே மாலை போட்டு வண்டிய எடுத்துக்கோன்றாரு."

"ஃப்ளாட்டா?" என்றேன்.

"இல்ல சார், தனி வீடுதான்."

நான் வட்டியைக் கேட்டேன், அவன் வீட்டைச் சொன்னான். சிரிக்காதீர்கள். நம்மில் பாதிப் பேர் இந்த இடத்தில் தனி வீடுதான்.

கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டுகிற அன்பர்கள் இரண்டு நிமிஷம் பொறுத்தருள வேண்டும். ஃப்ளாட் ரேட் என்றால், நீங்கள் முதல் மாதம் வாங்கிய மூன்று லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை வட்டி. 9 சதவிகிதம், நாலு வருஷம். வட்டி மட்டும் 1,08,000. அசலோடு சேர்த்து 4,08,000. 48 மாதத்தால் வகுத்தால் டியூ 8,500.

பேங்க்கில் நீங்கள் அசலைக் கட்டக் கட்ட, பாக்கிக்கு மட்டும்தான் வட்டி. அதே மூன்று லட்சம், அதே நாலு வருஷம், 12 சதவிகிதம் என்றால் டியூ சுமார் 7,900. அதாவது பன்னிரண்டு, ஒன்பதைவிட மாசம் 600 ரூபாய் சின்னது! பேங்க் பாஷையில் மொழிபெயர்த்தால் டீலரின் 9 கிட்டத்தட்ட 16. இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் விசேஷம்.

தம்பி ஐந்து நிமிஷம் கால்குலேட்டரைத் தட்டினான். பிறகு, "இது எங்க காசிமேட்டுத் தண்டல் மாதிரி இருக்கே சார்" என்றான். சபாஷ்! தண்டல் தெரியாத தென்சென்னை வாசகர்களுக்காக: பத்தாயிரம் கேட்டால் முதலிலேயே பிடித்துக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறு கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். தொண்ணூறாவது நாள் உங்களிடம் இருப்பது அவர்கள் பணமே இல்லை. ஆனாலும் முழுத் தொகைக்கும்தான் வட்டி.

பிடித்துக்கொள்வதும் இங்கே உண்டு. தம்பி கொண்டுவந்த எஸ்டிமேட்டில் பிராசசிங், டாக்குமென்ட் சார்ஜ், எதற்கென்றே தெரியாத ஓர் இன்ஷூரன்ஸ் என்று 12,000 ரூபாய் கழிந்திருந்தது. வாங்கியது மூன்று லட்சம். வண்டிக்குப் போவது 2,88,000. அப்படிப் பார்த்தால் அந்த 9 மெள்ள நகர்ந்து 18-ஐயும் தாண்டுகிறது.

இந்த ஃப்ளாட் கணக்குக்கு நம்ம ஊர்தான் நல்ல பரிச்சயம். வண்டி ஃபைனான்ஸில் மெட்ராஸ் பழைய கை. சுந்தரம் ஃபைனான்ஸ் 1954-ல் இங்கேதான் ஆரம்பித்தது. ஸ்ரீராம் 1979-ல் லாரி ஃபைனான்ஸுக்கென்று கம்பெனி தொடங்கி, பேங்க்குகள் ஏறெடுத்தும் பார்க்காத பழைய லாரிக்காரர்களுக்குக் கடன் கொடுத்தே பெரிதாக வளர்ந்தது. சம்பள ஸ்லிப் இல்லாத, வருமான வரி ரிடர்ன் என்றால் என்னவென்று தெரியாத டிரைவர் ஒரு லாரிக்குச் சொந்தக்காரர் ஆனது இந்த மாதிரிக் கம்பெனிகளால்தான். அதை மறுக்க எனக்கு மனசில்லை. சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் போட்டுப் பார்க்கிற கணக்குக்கு ஃப்ளாட் ரேட் சௌகரியம். லாரி தினம் சம்பாதிக்கும், கட்டிவிடலாம். தம்பியின் வேகன்-ஆர் சம்பாதிக்காது. அது ஸ்டான்லிக்குப் போய் வரும்.

சரி, பேங்க் மட்டும் என்ன தர்ம சத்திரமா? தம்பி லீவு போட்டுவிட்டுப் போனான்.

"சம்பளம் நம்ம பிராஞ்ச்லதானே வருது?"

"இல்ல சார்."

"ஓஹோ..."

அந்த ஓஹோவுக்கு மூன்று நாள். ஆறு மாச ஸ்டேட்மென்ட், ஃபார்ம் 16, சிபில் ஸ்கோர். அப்புறம் வேல்யூயர் வந்து வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "கடல் காத்து" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். (ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த வண்டியைப் பார்த்தாலும் இதைச் சொல்லலாம், தப்பே வராது.) அவர் போடுகிற மதிப்புக்குத்தான் பேங்க் கடன் தரும், நீங்கள் பேசிய விலைக்கு அல்ல. வண்டிக்கு வயசானால் அதுவும் கிடையாது. பன்னிரண்டு வருஷ வண்டியை எடுத்துக்கொண்டு போனால் மேனேஜர் காபி கொடுத்து அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவர்களுக்கு டீலரை விட்டால் கதி இல்லை. அவர்கள் விலை பேசுகிற மாதிரி வட்டியையும் பேசட்டும்.

பேசுவதற்கு இப்போது ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. 2024 அக்டோபர் 1-லிருந்து ரிசர்வ் பாங்க் உத்தரவு: தனிநபருக்குப் புதுக்கடன் கொடுக்கிற பேங்க் ஆனாலும் ஃபைனான்ஸ் கம்பெனி ஆனாலும் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்று ஒரு தாள் தந்தாக வேண்டும், அதுவும் நமக்குப் புரிகிற பாஷையில். அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு நம்பர் இருக்கும். வட்டி, பிராசசிங், அந்த இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் உருக்கிக் காய்ச்சி எடுத்த ஒரே வருஷ சதவிகிதம். ஃப்ளாட்டாவது தனி வீடாவது, அங்கே எல்லோரும் ஒரே வரிசைதான். தாளைக் கொடுத்த பிறகு யோசிக்க நமக்குக் குறைந்தது 3 வேலை நாள் அவகாசமும் உண்டு. "இன்னிக்கே எடுத்தாதான் இந்த ரேட்" என்கிறவரிடம் இதைப் புன்னகையோடு ஞாபகப்படுத்தலாம்.

தம்பி பேங்க் தாளோடு டீலரிடம் போனான். "அந்தத் தாள் எதுக்கு சார், நம்ம வாய்ச்சொல் போதாதா?" என்று ஆரம்பித்தவர், ஒரு டீக்குப் பிறகு 8-க்கு வந்தார். இன்னொரு டீக்கு ஏழரை. (டீலருக்கு ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து கமிஷன் உண்டு, இறங்குகிற ஒவ்வொரு படியும் அதில்தான் இடிக்கும்.) ஃப்ளாட்டில் ஆறரை வந்தால்தான் பேங்க்கின் 12-க்குச் சமம். மூன்றாவது டீ வரவில்லை.

தம்பிக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. தங்கச்சி கல்யாணச் சீட்டு இரண்டு வருஷத்தில் முடியும். அப்போது பாதிக் கடன்தானே பாக்கி, ஒரேயடியாக அடைத்துவிடலாமே என்று. 8,500 வீதம் 24 மாதம், 2,04,000 கட்டின பிறகும் பாக்கி அசல் 1,73,000-க்கு மேலே நிற்கும். பாதி 1,50,000 அல்லவா? அல்ல. ஆரம்பத்து டியூக்களில் வட்டிதான் ஜாஸ்தி. இது பேங்க்கிலும் அப்படித்தான், கொஞ்சம் கம்மியாக. அதற்கு மேல் முன்கூட்டியே அடைத்ததற்கு அபராதம் உண்டா என்று இரண்டு இடத்திலும் கையெழுத்துக்கு முன்னால் கேட்கச் சொன்னேன்.

அப்புறம், கடன் எங்கே வாங்கினாலும் கடைசி டியூவோடு என்.ஓ.சி.யும் 35-ம் நம்பர் ஃபாரமும் கையில் வாங்கிவிட வேண்டும் என்றும் சொன்னேன். அனுபவம். என் பழைய ஸ்கூட்டருக்கு 2004-ல் கடைசி டியூ கட்டிவிட்டு ஜாங்கிரி சாப்பிட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன். 2011-ல் விற்கப் போனால், ஆர்.சி. புக்கில் ஃபைனான்ஸ்காரர் இன்னும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆபீஸைத் தேடிப் போனேன். அங்கே பிரியாணிக் கடை. பிரியாணி பரவாயில்லை. ஸ்கூட்டர் கடைசியில் இரும்பு விலைக்குப் போயிற்று.

பேங்க் கடன் வர மொத்தம் இரண்டு வாரம். அதற்குள் நாலு தடவை ஆட்டோ, 2,000 ரூபாய். டீலர் வேறு "வேற பார்ட்டி வந்துட்டான்" என்று தினம் போன் செய்து பயமுறுத்தினார். வந்த பார்ட்டி கடைசி வரை வரவில்லை.

போன வியாழக்கிழமை அப்பாவை முன் சீட்டில் உட்காரவைத்து முதல் தடவையாக ஸ்டான்லிக்குக் கூட்டிப் போனானாம். திருவொற்றியூர் தேரடி தாண்டும்போது அவர் கேட்டிருக்கிறார்:

"தண்டல் மாரி சொல்றா. ஒரு நாளைக்கு எவ்ளோ?"

"இருநூத்தி அறுபத்திமூணுப்பா."

"எத்தினி நாளு?"

"நாலு வருஷம். ஆயிரத்து நானூத்தி அறுபது நாளு."

பெரியவர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகக் கன்டெய்னர் லாரிகளையே பார்த்துக்கொண்டு வந்தாராம். அப்புறம், "அப்ப அத்தினி நாளு நானும் இருந்தாகணுமே... ஏசியக் கொஞ்சம் கம்மி பண்றா" என்றாராம்.