புகை எங்கே? பழி யார் மீது?



உங்கள் கடை வாசலில் நிற்கும் பழைய ஸ்கூட்டரைக் கொஞ்சம் பாருங்கள். பூமி சூடாவதற்கு அதுதான் காரணமாம்! மேடைக்கு மேடை சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளிடம், 'விளக்கை அணைப்போம், சைக்கிளில் போவோம்' என்று உறுதிமொழி வாங்குகிறார்கள். நல்ல பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கை யாராவது உங்களிடம் காட்டினார்களா?

2023-ல் இந்தியா வெளிவிட்ட கரியமில வாயு சுமார் 300 கோடி டன். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரியின் புகை. நாட்டின் மின்சாரத்தில் சுமார் நான்கில் மூன்று பங்கு நிலக்கரியை எரித்துத்தான் வருகிறது. மத்தியப் பிரதேசத்தில் உள்ள விந்தியாசல் அனல் மின் நிலையம் ஒன்றின் திறன் மட்டுமே 4,760 மெகாவாட்! அடுத்து இரும்பு ஆலைகள், சிமெண்ட் ஆலைகள். சிமெண்டில் ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது அந்தக் கல்லே கரியமில வாயுவைக் கக்கும். சூளையில் எதை எரித்தாலும் அது நிற்காது. லாரி, பஸ், கார், ரயில் எல்லாம் சேர்ந்தும் எட்டில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் உங்கள் ஸ்கூட்டரைத் தேடிக் கொள்ளுங்கள்!

'அமெரிக்கா மட்டும் யோக்கியமா?' என்று கேட்பீர்கள். இல்லை. ஓர் அமெரிக்கருக்கு ஆண்டுக்கு சுமார் 14 டன், இந்தியருக்கு சுமார் 2 டன். நம்மவர்கள் பிழைக்கப் போகும் கத்தார் தலைக்கணக்கில் உலகிலேயே முன்வரிசை. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த 2 டன் சராசரிக்குள் குளிரூட்டிய மாளிகையும் இருக்கிறது, குடிசையும் இருக்கிறது. குடிசையைக் காட்டி மாளிகை தப்பித்துக் கொள்கிறது.

சரி, அரசு என்ன செய்தது? வரி போட்டது! 2010-ல் 'தூய எரிசக்தி செஸ்' என்ற பெயரில் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய். 2016-ல் அதுவே 400 ரூபாய். நிலக்கரியின் விலை ஏறினால் மின்சாரத்தின் விலை ஏறும். கடைசியில் பில் உங்கள் கடைக்குத்தானே வருகிறது? அப்படி வசூலானது 86 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். தூய எரிசக்தி நிதிக்குப் போய்ச் சேர்ந்ததோ 30 ஆயிரம் கோடிக்கும் குறைவு. திட்டங்களுக்குக் கொடுத்தது அதிலும் பாதி அளவே. சூரிய ஒளிக்கும் காற்றாலைக்கும் என்று சொல்லி வாங்கிய பணம் இது!

2017-ல் ஜி.எஸ்.டி. வந்தது. அந்த 400 ரூபாய், மாநிலங்களின் வருமான இழப்பை ஈடுகட்டும் செஸ்ஸாகப் பெயர் மாறியது. 2025 செப்டம்பரில் அதையும் எடுத்துவிட்டு, நிலக்கரிக்கான ஜி.எஸ்.டி.யை 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தினார்கள். 'தூய' என்ற சொல் அடையாளமில்லாமல் போனது. வசூல் மட்டும் நிற்கவில்லை.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு எம்.பி. உங்கள் கடைப்படி ஏறும்போது ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேளுங்கள்: நிதிக்குப் போகாத அந்த 56 ஆயிரம் கோடி எங்கே, ஐயா?