நாய் ஓடுகிறதா, இழுபடுகிறதா?

மோட்டார் சைக்கிளில் ஒருவர் போகிறார். ஒரு கையில் ஆக்ஸிலேட்டர். மறு கையில் சங்கிலி. சங்கிலியின் அந்த முனையில் நாய்! வண்டியின் வேகத்துக்கு அது நாலுகால் பாய்ச்சலில் வருகிறது. நாக்கு ஒரு சாண் வெளியே தொங்குகிறது.

காஞ்சீபுரத்தில் என்றில்லை, எந்த ஊரிலும் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. கேட்டால், "நாய்க்கு எக்சர்சைஸ் கொடுக்கிறேன் சார்" என்று பதில் வரும்.

எக்சர்சைஸா இது? சித்திரவதை!

இதையே சைக்கிளில் செய்தால் கதை வேறு. காவல் நாய், வேட்டை நாய், மோப்ப நாய் என்று வேலைக்காக வளர்க்கும் நாய்களுக்கு, சைக்கிள் ஓரமாக ஓடுவது நல்ல பயிற்சி. நெஞ்சும் காலும் உரமேறும். மனிதன் நடக்கும் வேகம் இந்த நாய்களுக்குப் போதாது. மோட்டார் வேகமோ அதிகம். இரண்டுக்கும் நடுவே இருப்பது சைக்கிள்.

சைக்கிள் பரீட்சை

ஆசை ஆசையாக ஜெர்மன் ஷெப்பர்டு வாங்கி வளர்க்கிறார்களே, அந்த நாய் பிறந்த நாட்டில் அதற்கு ஒரு சைக்கிள் பரீட்சையே இருக்கிறது. எஜமானர் சைக்கிள் மிதிப்பார். நாய் பக்கத்தில் 20 கிலோ மீட்டர் ஓட வேண்டும். வேகம் மணிக்கு 12 முதல் 15 கிலோ மீட்டர்தான். பாய்ச்சல் கூடாது. ஓட்டமும் நடையுமாகச் சீராக வர வேண்டும்.

8 கிலோ மீட்டர் முடிந்ததும் கால் மணி நேரம் ஓய்வு. 15 கிலோ மீட்டரில் மறுபடியும் 20 நிமிஷம் ஓய்வு. நாயின் உள்ளங்கால் புண்ணாகி இருக்கிறதா என்று தூக்கிப் பார்ப்பார்கள். இருந்தால் பெயில்!

16 மாதம் நிரம்பாத நாயைப் பரீட்சைக்குச் சேர்க்கவே மாட்டார்கள். எலும்பு முற்றாத குட்டியை ஓட்டினால் மூட்டு கெட்டுப்போகும். இங்கேயோ ஆறு மாதக் குட்டியைக் கட்டி இழுக்கிறார்கள்.

இன்னொன்று. வெயில் 22 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பரீட்சை கிடையாது. 22 டிகிரி! காஞ்சீபுரத்தில் மார்கழி விடியற்காலையில்தான் அந்தக் குளிர் கிடைக்கும்.

அந்த நாட்டுப் போக்குவரத்துச் சட்டம் இன்னும் கறார். மோட்டார் வண்டியில் இருந்துகொண்டு எந்தப் பிராணியையும் ஓட்டிச் செல்லக் கூடாது. சைக்கிளில் நாயை மட்டும் அழைத்துப் போகலாம்.

வெயில்தான் எமன்

மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு அந்த வசதி இல்லை. உள்ளங்காலில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மற்றபடி வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். காற்றே அனலாக இருந்தால் மூச்சு வாங்கி என்ன பயன்?

நாய்க்குச் சாதாரணமாகவே உடம்புச் சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். 106-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. ஈறு செக்கச்செவேல் என்று ஆகும். கால் தள்ளாடும். அப்போது, "சோம்பேறி நாய்" என்று திட்டி இழுப்பவர்களும் உண்டு! நாய் சோம்பேறியாக இருந்தால் நல்லது, பாதியிலேயே படுத்துத் தப்பித்துவிடும். விசுவாசமுள்ள நாய்தான் சுருண்டு விழும்வரை ஓடும். விழுந்துவிட்டால் நிழலுக்குத் தூக்கிப் போய், தண்ணீர் ஊற்றி, விசிறிவிட்டு, உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு எண்ணிப் பாருங்கள். வைக்க முடியவில்லையா? நாயும் அதில் கால் வைக்க முடியாது. செருப்புப் போட்டவருக்கு இது தெரிவதில்லை!

வெள்ளை நாய் ஜாக்கிரதை

ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலையே வெளியிட்டார்கள். 2020-ல் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். பெருமைதான். ஆனால் ஓட்டுவதற்கு முன் ஒரு சங்கதி தெரிய வேண்டும். உடம்பெல்லாம் வெள்ளையாகப் பிறக்கும் ராஜபாளையம் நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. "நில்" என்றாலும் நிற்காது. பின்னால் லாரி ஹார்ன் அடித்தாலும் தெரியாது. பின்பக்கம் போய்க் கைதட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் ரோட்டுக்குக் கொண்டு வரலாம்.

சிப்பிப்பாறை முயல் துரத்திப் பழகிய ஜாதி. கண்ணில் ஒரு பூனை பட்டால் போதும், சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்! சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டால் மணிக்கட்டு போகும். ஹேண்டில்பாரில் கட்டினால் பல்லே போகும். சீட்டுக்குக் கீழே சட்டத்தில் கட்ட வேண்டும். கழுத்துப் பட்டை வேண்டாம், மார்புப் பட்டை போட வேண்டும். இங்கே வண்டிகள் இடது பக்கம் போவதால் நாயும் இடது பக்கம்தான் ஓட வேண்டும். லாரிக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிள் இருக்கும். தெரு நாய்கள் துரத்தி வந்தால் மிதித்துத் தப்பிக்கப் பார்க்காமல் இறங்கி நிற்பதே புத்தி.

வயிறு முட்டத் தின்ற நாயை ஓட்டவே கூடாது.

10 ரூபாய் அபராதம்!

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1960-ம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டம். பிராணியை அளவுக்கு மீறி ஓட்டுவது அதன்படி குற்றம். வேடிக்கை என்னவென்றால், எப்போதும் சங்கிலியில் கட்டியே கிடக்கும் நாய்க்குத் தக்க உடற்பயிற்சி கொடுக்காமல் விடுவதும் அதே சட்டப்படி குற்றம்தான். "எதற்கு வம்பு, வீட்டிலேயே கட்டிப் போட்டுவிடுகிறேன்" என்று சொல்பவரும் தப்ப முடியாது!

சரி, தண்டனை? முதல் தடவை 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். 10 ரூபாய்க்கு இன்று எத்தனை கடையில் டீ கிடைக்கும்? எப்போதோ போட்ட தொகையை இன்னும் வைத்துக்கொண்டு, பிராணிகளுக்குச் சட்டம் இருக்கிறது என்று சொல்வது கேலிக்கூத்து. டெல்லியில் உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் இதை மாற்ற வேண்டும்.

அதுவரை உள்ளூரில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குட்டிக்குத் தடுப்பூசி போட வருகிறவர்களிடம், "16 மாதம் வரை ஓட்டாதே, மோட்டார் வண்டியில் ஓட்டவே ஓட்டாதே" என்று கால்நடை டாக்டர்கள் கண்டித்துச் சொல்லலாம். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு போர்டும் மாட்டலாம்.

ஓரிக்கைக்காரர்களுக்கு இடப் பஞ்சம் இல்லை. 'ஓர் இரவு இருக்கை'தான் ஓரிக்கை ஆனது என்பார்கள். ராஜா துரத்தியதால் கணிகண்ணன் கிளம்ப, திருமழிசை ஆழ்வாரும் கிளம்ப, பெருமாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்து ஒரு ராத்திரி தங்கிய ஊராம். பெருமாளே ஆசைப்பட்டுப் பின்னால் வந்தார். யாரும் கயிறு கட்டி இழுக்கவில்லை!

ஆற்று மணலில் சைக்கிள் புதையும். ஆனால் பாலாற்றை ஒட்டிய மண் தரை, தார் ரோட்டைவிட நாய்க் காலுக்கு மெத்தென்று இருக்கும். விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் வீடு திரும்பலாம். பகலெல்லாம் குழித்தறியில் உட்காரும் நெசவாளிக்கும் சைக்கிள் மிதிப்பது காலுக்கு நல்லது. முதல் வாரம் ஒரு கிலோ மீட்டர். பத்து நிமிஷம் போதும். நாய் நின்றால் சைக்கிளும் நிற்க வேண்டும்.