மருந்தின் அளவும் மூளையின் படமும்

சித்தம் கலங்கிய பிள்ளையை வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் பெற்றோர், மூளையைப் படமெடுத்தால் இன்ன நோயென்று தெரிந்துவிடாதா என்று கேட்பது இயல்பே. ஆயினும் அந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் இன்றளவும் விடை தரவில்லை என்பதையும், மருந்தின் அளவு பற்றிய வேறொரு கேள்விக்கு அது தந்த விடை நோயாளிகளின் துன்பத்தைப் பெரிதும் குறைக்கவல்லது என்பதையும் நாம் அறிந்துகொள்வது அவசியம்.

1952-இல் பாரிஸ் வைத்தியர்கள் டிலேயும் டெனிக்கரும் மனநோய்க்கான குளோர்ப்ரோமசின் மருந்தின் குணத்தை வெளியிட்ட பிறகு, அது மூளையில் டோபமின் என்னும் ரசாயனத்தின் செயலைத் தடுத்தே பலனளிக்கிறது என்ற கொள்கை படிப்படியாக உருவாயிற்று. எனினும், உயிருள்ள மனிதரிடத்தில் அதைப் பிரத்தியட்சமாகக் காணும் வழி 1980-களில், உடலில் செலுத்திய கதிரியக்கப் பொருளைப் படமாகக் காட்டும் பெட் ஸ்கேன் மூலமே கிட்டியது. சுமார் 20 நிமிஷத்தில் பாதியாகத் தேயும் கதிரியக்கக் கார்பனை ராக்ளோப்ரைடு என்ற பொருளோடு பிணைத்து இரத்தத்தில் செலுத்தினால், அது மூளையில் டோபமின் வந்து பொருந்தும் இடங்களாகிய ஏற்பிகளைச் சென்று பற்றும். மருந்து முன்பே அங்கே இடம்பிடித்திருந்தால் பற்றுவது குறையும். அந்தக் குறைவைக் கொண்டு, மருந்து எத்தனை சதவீத ஏற்பிகளை அடைத்திருக்கிறது என்று கணித்துவிடலாம்.

ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிலையத்து லார்ஸ் ஃபார்டே குழுவினர் வகுத்த இவ்வழியில் மேற்சென்று, டொரோன்டோவில் ஷிதிஜ் கபூரும் சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வையே நான் மிக உயர்வாக மதிக்கிறேன். மனச்சிதைவு முதன்முறை கண்ட 22 பேருக்கு ஹாலோபெரிடால் என்ற மருந்தை நாளொன்றுக்கு 1 அல்லது 2.5 மில்லிகிராம் என்றே தொடங்கிப் பார்த்ததில், அடைபட்ட ஏற்பிகள் 65 சதவீதத்தைக் கடந்தால் குணமாகும் வாய்ப்பு மிகுவதும், 78-ஐக் கடந்தால் உடல் விறைப்பு, நடுக்கம் முதலிய உபாதைகள் மிகுவதும் புலனாயின. அதே மருந்தை 20 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுத்த காலம் உண்டு. அந்த விறைப்பைத் தாங்கமாட்டாமல் மருந்தையே கைவிட்டு மீண்டும் நோயில் வீழ்ந்தவர்களை நினைத்தால் மனம் பதைக்கிறது.

நோய் நிர்ணயத்தின் கதையோ வேறு. மனச்சிதைவில் டோபமின் ஏற்பிகள் மிகுந்திருப்பதாக 1986-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் கூறினர். ஃபார்டே குழுவினர் தேடியபோது அம்மிகுதி காணப்படவில்லை. டோபமின் உற்பத்தி மிகுந்திருப்பதாகப் பின்வந்த ஆய்வுகள் காட்டியதும் கூட்டத்தின் சராசரியிலேதான்; தனியொருவரின் நோயை அதைக்கொண்டு நிர்ணயிக்க இயலாது.

மூளைக் கட்டி போன்றவற்றை விலக்க வைத்தியர் கேட்கும் ஸ்கேனை அவசியம் எடுங்கள். மனநோயின் பெயரை அறிவதற்காக மட்டும் கடன்பட்டுப் படமெடுக்காதீர்கள். மருந்தை நீங்களாகக் குறைக்காமல், பலன் தரும் மிகக் குறைந்த அளவு இதுதானா என்று வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள்.