கரூர்த் தொழில்காரர்களுக்கு, மான்செஸ்டரிலிருந்து

அன்புள்ள அண்ணன்மாரே, தம்பிமாரே, தொழில் நடத்தும் தங்கைகளே,

போன மாதம் ஊருக்கு வந்தபோது கேட்ட ஒரு பேச்சு இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. என் அக்கா மகனிடம் வருஷக்கணக்கில் அட்டைப்பெட்டி வாங்கும் ஏற்றுமதிக்காரர் ஒருவர். பக்கத்து கம்பெனியோ லாரி வாடகை கொடுத்து ஈரோட்டிலிருந்து பெட்டி இறக்குகிறது. "அவங்ககிட்ட இவனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே" என்றேன். "நம்ம ஆள் பேரை எதுக்குங்க வெளியே சொல்லோணும்?" என்றார்.

நம் ஊர் தேங்கி நிற்பதே இந்த ஒரு பதிலால்தான் என்று எனக்குப் படுகிறது. கொசுவலைக்காரர், பஸ் பாடி கட்டுபவர், சாயப்பட்டறைக்காரர் எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டுதான் தொழில் செய்கிறோம்.

இங்கே நான் திரைச்சீலை தைத்து மாட்டிக் கொடுக்கிறேன். வாரம் ஒரு நாள் விடிகாலையில் பி.என்.ஐ. கிளைக் கூட்டத்தில் இருப்பேன். தொழில்காரர்கள் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளர்களைக் கைகாட்டிவிடும் அமைப்பு அது; 1985-ல் கலிபோர்னியாவில் ஐவன் மைஸ்னர் தொடங்கியது. ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவருக்குத்தான் இடம். அதனால் பெயரைச் சொல்லப் பயமில்லை. ஆளுக்கு ஒரு நிமிடம் பேசலாம். "எல்லா வேலையும் செய்வேன்" என்றால் யார் மனதிலும் நிற்காது. "புதுவீடு வாங்கி, ஜன்னலுக்கு இன்னும் துணி போடாதவர் யாரையாவது தெரியுமா?" என்று கேட்பேன். கிளையில் இருக்கும் பெயின்டருக்குச் சட்டென்று ஒரு வீடு ஞாபகம் வரும். வீட்டுக்காரரிடம் அவரே பேசி, சம்மதம் வாங்கிய பிறகுதான் எண்ணைத் தருவார். அப்படிப் பேசிவைத்துத் தருகிற ஒரு எண், நூறு விசிட்டிங் கார்டுக்குச் சமம். சந்தா உண்டு. ஆறு மாதத்தில் மூன்று முறைக்குமேல் வராவிட்டால் இடமே போய்விடலாம். வர முடியாதவர் தனக்குப் பதிலாக ஆள் அனுப்பலாம். முதல் சில மாதம் பெரிதாக ஒன்றும் வராது. நம்மாட்கள் அங்கேதான் கைவிடுகிறார்கள்.

இதை வெளிநாட்டுக்கு வந்தா நாம் படிக்க வேண்டும்? 1916-ல் கரூர் வைசியா வங்கி பிறந்த ஊர் நம்முடையது. 1926-ல் வி.எஸ்.என். ராமலிங்க செட்டியார் தலைமையில் ஏழு வணிகர்கள் கூடி லட்சுமி விலாஸ் வங்கியைத் தொடங்கினார்கள். அவர்கள் பணத்தையே பொதுவில் வைத்தார்கள். நாம் ஒரு பெயரைப் பொத்தி வைக்கிறோம்.

"ஊரை விட்டுப் போனவனுக்கு என்ன பேச்சு" என்பீர்கள். கேளுங்கள், உங்களுக்கு உரிமை உண்டு. அப்பாவின் தறியை விற்ற பணத்தில் விமானம் ஏறியவன் நான். நாலு பேரைக் கூட்டி ஏதாவது செய்திருக்க வேண்டிய வயதை மான்செஸ்டருக்குக் கொடுத்துவிட்டேன். அந்த உறுத்தலில்தான் கெஞ்சுகிறேன்: அக்கா மகனும் சிநேகிதர்களும் காலையில் இப்படி ஒரு கூட்டம் போட்டால், தயவுசெய்து போய் உட்காருங்கள்.

என் கிளையில் ஹோட்டல்களுக்கு மெத்தை விரிப்பு மொத்தமாகக் கொடுப்பவர் இருக்கிறார். யார் என்ன நெய்கிறீர்கள், எத்தனை தறி, என்ன அகலம் என்று எல்லாருமாக ஒரே கடிதத்தில் எழுதி அனுப்புங்கள். நானே கொண்டுபோய்ப் பேசுகிறேன். தனியாக போன் போட்டு "மத்தவங்களுக்குத் தெரிய வேண்டாமுங்க" என்பவருக்காக மட்டும் பேச மாட்டேன்.